கடைசி வரிக்கு முன்னால் ஒரு தூதர்

ரோஸியின் தராசுத் தட்டில் அன்று மீன் இல்லை; கைப்பேசி இருந்தது.

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் அவள் கடை. இப்போதிருக்கும் அங்காடிக் கட்டடம் வருவதற்கு முந்தைய காலம் அது. மேலே நீலத் தார்ப்பாய், கீழே பலகை, பலகைமேல் ஐஸ். தட்டைக் கழற்றி ஐஸ் பெட்டிமேல் சாய்த்து, அதில் கைப்பேசியை நிறுத்தியிருந்தாள். திரையில் ஒரு தாடியும் அதற்குப் பின்னால் துருவேறிய இரும்புச் சுவரும் தெரிந்தன.

"தோ, பேப்பரக்கா வந்துகீது. பேசு," என்று என் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன் நிறுத்தினாள். ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வுபெற்றவள் நான். அந்தச் சாலையில் எனக்கு வேறு பெயர் கிடையாது.

தாடிக்காரன் அவளுடைய கணவன் சேவியர். அவனைத் தாடியோடு நான் பார்த்ததே இல்லை.

"எப்படி இருக்கே சேவியர்?"

"கப்பல் கீது, நான் கீறேன். ரெண்டு பேருக்கும் வேல இல்லக்கா."

சிரித்தான். ரோஸி சிரிக்கவில்லை.

அவன் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் ஒப்பந்தத்தில் போனவன். கப்பல் ஒரு சீன நிறுவனத்துடையது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு சிறிய தீவு நாட்டின் துறைமுகத்தில் இன்ஜின் பழுதாகி அது நின்றது. நிறுவனமும் நொடித்தது. உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். கடைசியில் மிஞ்சியவன் சேவியர்.

கடைசி ஆளுக்குத்தான் சிக்கல். கட்டிவைத்த கப்பலை ஆளில்லாமல் விட்டுவிடத் துறைமுகங்கள் சம்மதிப்பதில்லை. அலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப கயிறுகளை இறுக்கவும் தளர்த்தவும், அடித்தளத்தில் ஊறும் நீரை இறைக்கவும் ஒருவர் வேண்டும். மாற்று ஆள் வந்தால் சேவியர் போகலாம். அனுப்ப வேண்டிய நிறுவனமோ தொலைபேசியை எடுப்பதில்லை. நம் தூதரகம் கேட்டுப் பார்த்தும் பதில் இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள்ல இங்க காத்து மாறும்கா. புயல் சீசன். என்னை வெளிப்பக்கம், அலை நேரா அடிக்கிற எடத்துல கட்டிக்கீறாங்க. கயிறு பழசு," என்றான்.

அந்த வாக்கியத்தின்போது ரோஸி ஒரு வஞ்சிரத்தை எடுத்து, யாரும் கேட்காமலே துண்டு போட ஆரம்பித்தாள்.

அன்று காலை கைப்பேசியில் நான் ஒரு செய்தியைப் பார்த்திருந்தேன். அதே தீவு நாட்டுக்குப் புதிய சீனத் தூதர் வந்து இறங்கியிருந்தார். விமான நிலையத்தில் பூங்கொத்துடன் ஒரு பெண். பெயரைப் படித்தபோது எதுவும் தோன்றவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, பெயரை மறுபடி படித்தேன்.

"ரோஸி, அந்த ஊருக்கு சீனத் தூதரா யார் போயிருக்கா தெரியுமா? நம்ம பொன்னி."

கத்தி நின்றது. "எந்தப் பொன்னி?"

"நமக்கு எத்தனை பொன்னி?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அவ ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றேன். அத்தனை காலம் வெளிநாட்டுப் பக்கம் பார்த்தவளின் நம்பிக்கையோடுதான் சொன்னேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது மறுநாள் தெரிந்தது.

மாடி அறை

பொன்னியின் சீனப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தத் தீவின் பெயரையும் எழுத மாட்டேன். என் நினைவுக் குறிப்புகளின் இந்த அத்தியாயத்துக்கு அவள் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான்.

பீஜிங்கில் தமிழ் படிப்பவர்களுக்கு ஆசிரியர்கள் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துவிடுவார்கள். அவளுக்குக் கிடைத்தது பொன்னி. தமிழும் அப்படிக் கிடைத்ததுதான். "நான் கேட்டது பிரெஞ்சு, அக்கா. தமிழ் வகுப்புல ஒரு இடம் காலியா இருந்துது," என்று ஒருமுறை சொன்னாள். ஒரு மொழியைக் கொடுத்து, அந்த மொழியோடு ஒருவரை வளர்த்து, பிறகு வெளியுறவுத் துறைக்கு எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

தரமணியில் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு தமிழ் படிக்க வந்தாள். தங்கியது மயிலாப்பூரில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டு மாடி அறையில். வீட்டுக்கார மாமி ஒரே ஒரு விதி வைத்திருந்தார்.

"எங்காத்துல மீன் வாசனை மட்டும் வரப்படாது. மத்தபடி சைனாவோ ஜப்பானோ, நேக்கு ஒண்ணுமில்ல."

பொன்னி கைகூப்பி, "தங்கள் கட்டளைப்படியே நடந்துகொள்வேன்," என்றாள். மாமி என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னடி இது, நாடகத்துல பேசறாப்ல பேசிண்டிருக்கா?" என்று கேட்டார்.

அவள் தமிழ் அப்படித்தான் இருந்தது. பிழையே இல்லாத தமிழ். பஸ்ஸில் அவள் "ஐயா, தரமணி நிறுத்தம் வந்தால் அறிவிப்பீர்களா?" என்று கேட்டால் கண்டக்டர்கள் ஒரு கணம் எழுந்து நிற்கப் பார்ப்பார்கள்.

ஆற்றங்கரை ஊர்க்காரி. மீன் இல்லாமல் ஒரு வாரம் தாங்கினாள். அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் அவளை லூப் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். கடலை அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். ஆனால் கடலைவிட அதிக நேரம் பார்த்தது ரோஸியின் பலகையை.

ரோஸிக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்கும் பொன்னிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"இம்மீன் இன்று பிடிக்கப்பட்டதா?" என்று பொன்னி கேட்டாள்.

"இன்னாது?"

பொன்னி அதையே இன்னும் தெளிவாக உச்சரித்தாள். ரோஸி என்னிடம் திரும்பி, "அக்கா, இத்த எங்கேர்ந்து புடிச்சாந்த? அதச் சொல்லு மொதல்ல," என்றாள்.

மாமி வீட்டில் சமைக்க முடியாது என்பதால் பொன்னி வாங்கிய மீன் நொச்சிக்குப்பத்தில் ரோஸி வீட்டு அடுப்பில் வெந்தது. குழம்பை இறக்கியதும் பொன்னி வெட்கத்தோடு கேட்டது தலையை. கன்னச் சதை, கண் எல்லாவற்றையும் நிதானமாகத் தின்று, எலும்பைக் கோலம் போல இலையின் ஓரத்தில் அடுக்கிவைத்தாள். சேவியர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலய துன்னுட்டு ஒடம்ப நமக்கு உட்டுட்ச்சி. இது மாரி விருந்தாளி டெய்லி வரலாம் ரோஸி," என்றான்.

அவள் டெய்லி வந்தாள். "தல யாருக்கு?" என்று சேவியர் கேட்பதும் "எனக்கு" என்று அவள் சொல்வதும் அந்த வீட்டின் வழக்கமாயின. அந்த ஆண்டு முடிவதற்குள் அவளுக்கு இரண்டு தமிழ் இருந்தது. ஒன்று தரமணிக்கு, மற்றது குப்பத்துக்கு. இரண்டையும் அவள் கலப்பதே இல்லை.

நாற்காலிக்குப் பெயர்

ஊர் திரும்பி, தேர்வு எழுதி, வெளியுறவுத் துறையில் சேர்ந்தாள். தமிழ் படித்தவளுக்கு முதல் வேலை எங்கே கிடைத்தது தெரியுமா? ஆண்டில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஒரு வடக்கு நாட்டில். தூதரகத்தின் ஆகக் கடைசிப் படியில்.

அவர்கள் புத்தாண்டு தோறும் மின்னஞ்சலில் ஒரு வாழ்த்து வரும். முதல் ஆண்டில் வந்ததில், "அக்கா, நான் இங்கே நாற்காலிகளுக்குப் பெயர் வைக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். விருந்துகளில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அட்டை எழுதி வைக்கும் வேலை. பெரிய நாட்டுத் தூதர் முன்னால், சின்ன நாட்டுத் தூதர் பின்னால் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். தன்னை அனுப்பிய அரசின் நியமனப் பத்திரத்தை அந்த நாட்டு அதிபரிடம் யார் முதலில் கொடுத்தாரோ அவர்தான் மூத்தவர். வல்லரசாக இருந்தாலும் நேற்று கொடுத்தவருக்குக் கடைசி நாற்காலி.

எனக்கு அது ஒரு சுவையான தகவலாக இருந்தது. ஞாயிறு இணைப்பில் ஒரு மூலைக்குப் பயன்படுத்திக்கொண்டு மறந்துவிட்டேன்.

வெளிநாட்டில் சில ஆண்டுகள், பிறகு பீஜிங்கில் ஒரு மேஜை, மறுபடி வெளிநாடு. மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர், ஆலோசகர் என்று படிகள். ஒவ்வொரு படியிலும் வேறு ஊர், வேறு குளிர் அல்லது வேறு வெயில். தமிழ் தேவைப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ஒரு வாழ்த்தில் இப்படி எழுதினாள்: "இப்போது தமிழ் கனவில்தான் வருகிறது. கனவில் ரோஸி திட்டுகிறாள்."

ஒரே ஒரு முறை தமிழ் தேவைப்பட்டது. அப்போது அவளை நேரில் பார்த்தேன்.

ஒரு வர்த்தகக் குழு சென்னைக்கு வந்திருந்தது. தி. நகரில் ஒரு ஹோட்டலில் பத்திரிகையாளர் சந்திப்பு. மேடையில் குழுத் தலைவருக்குப் பக்கத்தில் கறுப்பு கோட்டு போட்டு மொழிபெயர்ப்பாளராகப் பொன்னி நின்றிருந்தாள். நான் இரண்டாம் வரிசையில். ஒரு கேள்வி கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, பார்க்காதவள்போல, "இவ்வினாவுக்குத் தலைவர் அளிக்கும் விடை பின்வருமாறு" என்று தொடங்கினாள். தரமணித் தமிழ்.

எனக்கு வருத்தமில்லை. மொழிபெயர்ப்பவர் தன் சொந்த வாயை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சீன அதிகாரிகள் எப்போதும் இருவராகத்தான் போவார்கள் என்பதும் தெரியும். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சக அதிகாரி நிழல்போல நின்றார்.

கூட்டம் முடிந்து லிஃப்ட் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றபோது, என் தோளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"ரோஸி எப்டிக் கீறா?"

திரும்பாமலே, "ரெண்டாவது பொண்ணு பொறந்திருக்கு," என்றேன். லிஃப்ட் கதவு மூடியது. அதற்குப் பிறகு அவளை நான் நேரில் பார்க்கவில்லை.

வெட்டப்படும் வரி

புத்தாண்டு வாழ்த்து வரும் அந்தப் பழைய முகவரிக்கே எழுதினேன். கப்பலின் பெயர், சேவியரின் நிலைமை, ரோஸியின் கைப்பேசி எண். மறுநாள் பிற்பகல், ஐஸ் உருகி வாடிக்கையாளர் குறைந்த வேளையில், அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது.

"ரோஸி, நான்தாண்டி."

ரோஸி, "எத்தினி வருசம் ஆவுது. இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒலிபெருக்கியை அழுத்திக் கைப்பேசியை எனக்கும் அவளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா எழுதினதப் படிச்சேன்," என்றாள் பொன்னி. "ஆனா ஒரு விஷயம். நான் வந்து எறங்கிட்டேன். இன்னும் தூதர் ஆகல."

அந்த நாட்டு அதிபரிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் அவள் தூதர். அதிபரோ சிகிச்சைக்காக வெளிநாடு போயிருந்தார். அவர் திரும்பும்வரை அவள் ஓர் அமைச்சரைப் பார்க்க முடியாது. பொது நிகழ்ச்சிக்குப் போக முடியாது. அவளுடைய காரின் முன்பக்கக் கொடிக்கம்பத்தில் கொடி கிடையாது. கறுப்பு உறை மாட்டியிருந்தது.

எனக்கு உறைத்தது. எங்கள் மேஜையில் இத்தகைய செய்திகளைத் துணுக்கு என்போம். புதிய தூதர் வந்தார் என்ற துணுக்கின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'விரைவில் அதிபரைச் சந்தித்துத் தனது நியமனப் பத்திரத்தை அளிப்பார்.' இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இடம் என்றுமே போதாது. அந்த வரியை வெட்டி வெட்டியே, வந்து சேர்வதற்கும் தூதராவதற்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது என்பதே என் தலையிலிருந்து போய்விட்டது. விருந்து நாற்காலியைப் பற்றி அவளே எழுதியிருந்தும்கூட.

ரோஸி நேராகக் கேட்டாள். "பொண்ணு வந்துட்ச்சி, தாலி ஏறலன்றியா?"

"அதேதான் ரோஸி."

"அப்போ ஒனக்குத் தாலி ஏற்ற வரிக்கும் எம் புருசன் அங்க கயித்த இஸ்துகினு கெடக்கணுமா?"

பொன்னி கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"கயிறு எப்டி இருக்குன்னு சொன்னான்?"

"பழசுன்னான். உள்ள நூல் தெரியுதாம்."

"எனக்கு ரெண்டு நாள் குடு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரோஸி கைப்பேசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "ஒரு வார்த்த சொன்னா போதும்னியேக்கா," என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை.

மீன் வாங்க வந்தவள்

அடுத்து நடந்ததைச் சேவியர்தான் சொன்னான். தட்டில் நின்ற கைப்பேசியிலிருந்து அவன் குரல் பக்கத்துக் கடைவரை கேட்டது.

"கீழ கரையில ஒரு அம்மா. கொட புடிச்சிகினு, கையில மீன் கூடை. பின்னாடி கோட்டு போட்ட ஆளு ஒருத்தன். கம்பெனி ஏஜென்டுதான் ஆள உட்டுக்கீறான், பஞ்சாயத்து பண்ண வந்துகீறாங்கன்னு நான் உள்ள பூட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி கீழேர்ந்து ஒரு கொரல். ‘சேவியரு, தல யாருக்கு?’ன்னு."

"அய்ய," என்றாள் ரோஸி.

"எட்டிப் பாக்கறேன், கூடையிலேர்ந்து ஒரு பெரிய மீன் தலையத் தூக்கிக் காட்டுது. நம்ம பொன்னி. கூட வந்த கோட்டுக்காரன் முழிக்கிறான், அவனுக்கு ஒண்ணும் பிரியல."

தூதராக அவளால் துறைமுகத்துக்குள் போக முடியாது. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய மீன் சந்தையில் மீன் வாங்க யாருக்கும் பத்திரம் வேண்டாம். வாங்கிவிட்டு, கரையோரமாக நடந்து, நின்று, ஒரு பழைய நண்பனை நலம் விசாரித்தாள். பேசும்போதே கயிறுகளைப் பார்த்தாள் என்று சேவியர் சொன்னான். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று ஒவ்வொன்றையும்.

மறுநாள் சீனத் தூதரகத்திலிருந்து ஒரு வேன் வந்தது. இறங்கியவை புது நைலான் கயிறுச் சுருள்களும் ஒரு மூட்டை அரிசியும். கப்பல் சீனக் கப்பல். அதன் கயிற்றைப் பார்த்துக்கொள்வதற்குச் சீனத் தூதரகம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

செய்தி வந்தபோது ரோஸி கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். "தாலி ஏறலன்னாலும் கயிறு அனுப்பிக்கீறா," என்றாள். நெடுநாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு.

மாத்து ஆள்

அன்று மாலை பொன்னி என்னிடம் விளக்கமாகப் பேசினாள். அவள் யோசித்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

"அக்கா, ‘அவனை விடுங்க’ன்னு கேக்கணும்னா இந்த நாட்டு அமைச்சர்கிட்டப் போகணும். அதுக்கு எனக்கு இன்னும் வாய் இல்ல. ‘மாத்து ஆள் அனுப்பு’ன்னு சொல்லணும்னா எங்க ஊர்க் கம்பெனிகிட்டப் பேசினாப் போதும். அதுக்கு யாரும் எனக்கு வாய் குடுக்க வேணாம். எங்க தூதரகத்துக்குள்ள, எங்க ஆளுங்களுக்கு, நான் எறங்கின நாள்லேர்ந்தே நான்தான் தலைவர்."

நாங்கள் தட்டிக்கொண்டிருந்தது மூடியிருந்த கதவை. அவள் தன் வீட்டுக்குள்ளேயே இருந்த இன்னொரு கதவைத் திறந்தாள். அவ்வளவுதான்.

அதற்கு முன் அங்கிருந்த இந்தியத் தூதரகத்துக்கும் பேசியிருந்தாள். "அவன் உங்க ஊர்க்காரன். உங்க ஆபீசுக்குத் தெரியாம நான் ஒரு அடி வெச்சா நாளைக்கு ரெண்டு பக்கமும் கேள்வி வரும்," என்றாள். நம் அதிகாரிகள் பயணக் காகிதங்களைத் தயார்செய்யத் தொடங்கினார்கள்.

விஷயம் எப்படியோ என் பழைய அலுவலகத்துக்கு எட்டி, செய்தி ஆசிரியர் அழைத்தார். "மேடம், தமிழ் பேசும் சீனத் தூதர், குப்பத்து நட்பு, கடல்ல தவிக்கிற மீனவர். முதல் பக்கம். போட்டோ இருந்தா இன்னும் நல்லது."

போட்டோ இருந்தது. ரோஸியின் கடையில் பாவாடை தாவணியோடு, கையில் ஒரு பாறை மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொன்னி.

"அவன் வீட்டுக்கு வரட்டும். பார்க்கலாம்," என்றேன். இன்னும் தூதராகாத ஒருவர் ஒரு நாட்டின் துறைமுகத்தில் நுழைந்து வேலை பார்த்தார் என்று அச்சில் வந்தால், அங்கே யாராவது ஒருவர் கேள்வி கேட்டே ஆக வேண்டியிருக்கும். கேள்வி வந்தால் அவள் ஒதுங்கியே ஆக வேண்டியிருக்கும். இதை விளக்க ஆரம்பித்தால் அதுவே செய்தியாகிவிடும். அதனால் விளக்கவில்லை.

கம்பெனியைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலையாயிற்று. கை மாறியிருந்தது. பழைய முதலாளி புதிய முதலாளியைக் காட்டினார். புதியவர் பழையவரைக் காட்டினார். பொன்னி அவர்களுடைய மாகாண அரசு அலுவலகத்தைப் பிடித்தாள். வாரங்கள் ஓடின. நடுவில் ஒரு புயல் உருவாகி, தீவுக்குத் தெற்கே ஒதுங்கிப் போயிற்று. அந்த நாட்களில் ரோஸி கடை போடவில்லை. வானிலை வரைபடத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். அந்தச் சுழல் எந்தப் பக்கம் போகிறது என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். புதுக் கயிறு தாங்கியது.

பிறகு ஒரு நாள் மாற்று ஆள் வந்து இறங்கினான்.

சேவியர் வந்த அன்று காலை விமான நிலையத்துக்கு நானும் போனேன். தாடியை எடுத்துவிட்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. ரோஸி அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "துன்னியா?"

"பிளேன்ல குடுத்தான்."

"அதெல்லாம் சோறா?"

அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கார் கத்திப்பாரா தாண்டும்வரை அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

அவ இன்னா பண்ணுவா

இந்த அத்தியாயத்தை இங்கே முடித்திருக்கலாம். ரோஸி முடிக்கவிடவில்லை.

அன்று நொச்சிக்குப்பத்தில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேவியர் மாற்று ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சீனாவில் ஏதோ ஒரு கடலோர ஊர்க்காரன், ஏறக்குறைய அவன் வயதுதான். மொழி இல்லை. கையாலேயே எல்லாம் காட்டிக்கொடுத்திருக்கிறான். அலை ஏறும்போது எந்தக் கயிறு, பம்பு எந்த இடத்தில் மக்கர் பண்ணும், மழைத் தண்ணீர் எங்கே பிடிக்கலாம். போகும்போது தன்னிடம் மிச்சமிருந்த மீன் மசாலாவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"அவன் பொண்டாட்டி போன்ல வந்துச்சி. என்னப் பாத்து ஒரு கும்புடு போட்டுது. எதுக்குன்னே பிரியல," என்றான்.

ரோஸி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்தாள்.

"அவனுக்கு மாத்து யாரு?"

சேவியர் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"பேப்பரக்கா, பொன்னிக்குப் போன் போடு."

போட்டேன். பொன்னி எடுத்ததும், நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எம் புருசன இட்டாந்துட்ட. சந்தோசம். அந்த எடத்துல இன்னொருத்தி புருசன நிறுத்திக்கீறியே, அவ இன்னா பண்ணுவா? வானத்தப் பாத்துகினு ஒக்காரணுமா, என்ன மாரி?"

"தெரியும் ரோஸி," என்றாள் பொன்னி. "அதுதான் தினமும் மனசுல கீது. அதிபர் திரும்பி வந்துட்டார். அடுத்த வாரம் பத்திரம் குடுக்கறேன்."

"குட்த்துட்டு?"

"குட்த்துட்டு வாய் வந்துடும்."

அடுத்த வாரம் பத்திரம் கொடுத்தாள். எங்கள் பழைய நாளிதழிலும் துணுக்காக வந்தது. செய்தி நிறுவனம் அனுப்பிய முழுச் செய்தியை நான் இணையத்தில் தேடிப் படித்தேன். அதன் கடைசி வரி, புதிய தூதர் தொடக்க நாட்களில் சந்திக்கவிருக்கும் அமைச்சர்களைப் பட்டியலிட்டது. முதலில் வெளியுறவு அமைச்சர். அது மரபு. அடுத்த பெயர், மரபில் அவ்வளவு சீக்கிரம் வராத ஒன்று: துறைமுக அமைச்சர். எங்கள் நாளிதழில் அந்த வரி இல்லை. வெட்டியவர் நன்றாக வேலை கற்றவர்.

உலகத்தில் அந்த வரியைச் செய்தியாகப் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். லூப் ரோட்டுக்குப் போய் ரோஸிக்கும் படித்துக் காட்டினேன்.

"ரெண்டாவதாவா போறா?"

"ரெண்டாவது."

"மொதல்ல போயிருக்கலாம்," என்றாள். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது.

அதன் பிறகு விவகாரம் அதன் வேகத்தில் நகர்ந்தது. இரண்டு அரசுகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் காகிதங்களுக்குக் கால் முளைக்கிறது. செத்த கப்பலைத் துறைமுகமே எடுத்துக்கொண்டு உடைக்கக் கொடுத்தது. காவல் காத்தவன் ஊர் போய்ச் சேர்ந்தான். இனி மாற்று ஆளே தேவையில்லாமல் போயிற்று.

ஒரு காலையில் ரோஸியின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. கரையில் கயிறு கட்டும் இரண்டு இரும்புத் தூண்கள். அதற்கு அப்பால் தண்ணீர்.

ஈர விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இன்னாக்கா இது? ஒண்ணுமே இல்லியே."

"அதான்," என்றேன்.

சேவியர் எட்டிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு இடது பக்கத் தூணைத் தொட்டு, "இதுலதான் நான் கட்டிகினு இருந்தேன்," என்றான்.

ரோஸி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "இத்தப் பெருசாப் போட்டுக் குடு."

மாதா படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு, அது இன்றும் அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் இது எந்த ஊர்க் கடல் என்று கேட்கிறார்கள்.

"எந்த ஊரா இருந்தா இன்னா," என்கிறாள் ரோஸி. "காலியாக் கீது பாரு."